முதல் குழல் எத்தனை கட்டை? கடைசித் துளைக்கு விரல் எட்டவில்லை

புதுக்குழல் | 3 ஜூன், காலை 7.40

கர்நாடக சங்கீதம் கற்க இரண்டு குழல் வாங்க வேண்டும். ஒன்று எனக்கு, ஒன்று ஒன்பது வயது மகளுக்கு. கடையில் எடுத்துக் கொடுத்த குழலில் கடைசி இரண்டு துளைக்கு என் விரலே போகவில்லை. சின்னக் கைக்குச் சின்னக் குழல், அவ்வளவுதானே? இருவருக்கும் இருப்பதிலேயே குட்டியாக வாங்கிவிடலாமா? என் நடுவிரல் 7 செ.மீ. இன்னொன்று: மரக்குழல் நல்லதா, மூங்கில் நல்லதா?

எட்டாந்துளை | 3 ஜூன், காலை 9.15

"சின்னக் கைக்குச் சின்னக் குழல்" பாதி சரி. மீதிப் பாதியில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடையில் பார்த்தது எத்தனை கட்டை என்று எழுதவில்லையே. குழலில் பொறித்திருக்கும், இல்லையென்றால் கடைக்காரரையே கேட்கலாம். கட்டை என்பது குழலின் சுருதி. மேற்கத்தியப் பெயரில் 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் அரைகள். எண் கூடக் கூடக் குழல் குட்டை, துளைகள் நெருக்கம். எண் குறையக் குறைய நீளம், துளைகள் விலகல். ஒரே கடையில் ஒரே அலமாரியில் 7 கட்டையும் 1 கட்டையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். கட்டையைச் சொல்லாமல் "ஒரு குழல் குடுங்க" என்று கேட்பது, அளவு சொல்லாமல் செருப்பு கேட்பது மாதிரி.

பெரியவர்களுக்கு முதல் குழல் 5 கட்டை. ஒன்பது வயதுக்கு 6 அல்லது 6½. இது பொது விதி. ஏன் என்று மதியம் எழுதுகிறேன்.

எட்டாந்துளை | 3 ஜூன், மதியம் 1.30

5 கட்டைக் குழல், கடைசித் துளைக்கு அப்பால் உள்ள வாலோடு சேர்த்து, ஏறத்தாழ 15 அங்குலம். ஒரு துளை நடுவிலிருந்து அடுத்த துளை நடுவுக்கு 2.2 செ.மீ. சுமார் (பட்டறைக்குப் பட்டறை ஓரிரண்டு மி.மீ. மாறும்). ஏழு விரல் வைக்க ஆறு இடைவெளி, ஆக முதல் துளையிலிருந்து ஏழாவது வரை 13 செ.மீ. சொச்சம். எட்டாவது துளைக்கு விரலே கிடையாது, அது திறந்தே இருக்கும். புதியவர்கள் அதையும் மூடப் பார்த்து "எட்டவில்லை" என்பார்கள். நீங்கள் சொன்ன "கடைசி இரண்டு" இதில் சேர்த்தியா? சேர்த்தி என்றால் உங்கள் பிரச்சினையில் பாதி இப்போதே தீர்ந்தது.

சுருதி இறங்க இறங்க எல்லா அளவும் ஒரே விகிதத்தில் நீளும். ஒவ்வொரு அரைக் கட்டைக்கும் சுமார் 6 சதவீதம். 5-லிருந்து 1-க்கு எட்டு அரைக் கட்டை இறங்கினால் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும்.

சந்தேகி | 3 ஜூன், மதியம் 2.05

எட்டு இல்லை சார், ஏழு. 5, 4½, 4, 3, 2½, 2, 1½, 1. எண்ணிப் பாருங்கள்.

எட்டாந்துளை | 3 ஜூன், மதியம் 2.20

ஆமாம், தப்பு என்னுடையதுதான். 3-க்கும் 4-க்கும் நடுவில் அரை கிடையாது, ஆர்மோனியத்தில் அங்கே கறுப்புக் கட்டை இல்லை. கடையில் போய் "மூன்றரை கட்டை குடுங்க" என்று கேட்டால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார், தெரியாதவர் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஏழு படி, படிக்கு 6 சதவீதம், கூட்டு வட்டி போலப் பெருக்கினால் சரியாக ஒன்றரை மடங்கு. ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவே அதுதான். எனவே துளை இடைவெளி இப்படி வரும்:

7 கட்டை 1.75 செ.மீ., 6 கட்டை 1.95, 5½-க்கு 2.1, 5-க்கு 2.2, 4-க்கு 2.5, 3-க்கு 2.6, 2-க்கு 2.9, 1-க்கு 3.3.

இனி "குட்டியாக வாங்கிவிடலாமா" என்ற கேள்விக்கு வருவோம். பெரியவர் விரலின் அகலம் 1.6 முதல் 2 செ.மீ. வரை இருக்கும். 7 கட்டையில் துளைக்குத் துளை 1.75. விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வளைப்பதற்கு) விரலை வழித்து எடுக்க இடமே இராது. எட்டாதது ஒரு கஷ்டம் என்றால் இடமில்லாதது அதைவிடப் பெரிய கஷ்டம். எட்டாத விரல் ஒரு மாதத்தில் பழகும். விரல் மெலிய வழி கிடையாது.

புதுக்குழல் | 3 ஜூன், இரவு 8.50

எட்டாவதையும் மூடத்தான் பார்த்தேன்! அதை விட்டுவிட்டால் சுண்டுவிரல் மட்டும்தான் போதவில்லை. குழலில் 4 என்று இருந்ததாக ஞாபகம். மறுபடி கடைக்குப் போகாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வழி உண்டா?

எட்டாந்துளை | 4 ஜூன், காலை 6.30

உண்டு, அதிகச் செலவில்லை. மின்கம்பி ஓட்டும் 20 மி.மீ. பி.வி.சி. குழாயில் 40 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். தடிமனும் எடையும் 5 கட்டைக் குழலுக்குப் பக்கத்தில் வரும். நீளவாக்கில் பென்சிலால் ஒரு நேர்கோடு. ஒரு முனையிலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒரு ஸ்டிக்கர் பொட்டு, அது ஊதுதுளை. அங்கிருந்து 13 செ.மீ. தள்ளி அடுத்த பொட்டு, அது முதல் துளை. பிறகு 2.2 செ.மீ. இடைவெளியில் இன்னும் ஆறு. பொட்டு லேசாகப் புடைத்திருப்பதால் கண்ணால் பார்க்காமலே விரலுக்குத் தெரியும்.

பிடிக்கும் முறை: குழல் வலப்பக்கம் நீண்டிருக்க, இடக்கையில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் முதல் மூன்று பொட்டில். வலக்கையில் ஆள்காட்டி முதல் சுண்டுவிரல் வரை அடுத்த நான்கில். இடக்கைச் சுண்டுவிரலுக்கு வேலையில்லை. இடக்கட்டைவிரல் முதல் துளைக்கும் இரண்டாவதுக்கும் அடியில், வலக்கட்டைவிரல் நான்குக்கும் ஐந்துக்கும் அடியில். கட்டைவிரல் தாங்க மட்டும். பிடித்து நசுக்கினால் எதிரே உள்ள விரல்கள் தானாக இறுகும், எட்டாமல் போகும்.

அப்படியே ஐந்து நிமிடம் வைத்திருங்கள். மணிக்கட்டு மடங்குகிறதா, எந்த விரலின் அடி வலிக்கிறது என்று எழுதுங்கள். நிற்கும்போதும் தரையில் சம்மணமிட்டு உட்காரும்போதும் தனித்தனியாக. உட்கார்ந்தால் முழங்கை கீழே இறங்கி மணிக்கட்டு மடங்கும், அதில் மட்டும் எட்டாதவர்கள் நிறைய.

சந்தேகி | 4 ஜூன், காலை 8.10

ஊதுதுளைக்கும் முதல் துளைக்கும் 13 செ.மீ. என்பது எங்கிருந்து வந்தது?

எட்டாந்துளை | 4 ஜூன், காலை 8.45

அளந்தால் வருவதுதான். வேடிக்கை என்னவென்றால், சிலப்பதிகாரம் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார். அவர் கணக்கில் குழல் 20 விரல் நீளம். இடப்பக்கம் 2 விரல் விட்டு ஊதுதுளை, அங்கிருந்து 7 விரல் விட்டுத் துளைகள் ஆரம்பம், நடுவில் 9 விரலில் எட்டுத் துளை, கடைசியில் 2 விரல் வால். துளைக்குத் துளை ஒரு விரல் அகலம். ஒரு விரலை முக்கால் அங்குலம் என்று வைத்தால் 20 விரல் 15 அங்குலம். 7 விரல் ஐந்தேகால் அங்குலம், அதாவது 13.3 செ.மீ. இன்றைய 5 கட்டைக் குழலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

விரல் வைப்பும் அதேதான். இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீக்கி மூன்று, வலக்கையில் பெருவிரல் நீக்கி நான்கு. அளவுகோலே விரல் என்பதால் எட்டுமா எட்டாதா என்ற கேள்விக்கு இடமில்லாத கணக்கு அது. குழல் செய்பவர் விரலா, வாசிப்பவர் விரலா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மூங்கிற்பட்டறை | 4 ஜூன், மதியம் 12.15

மரக்குழல் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. நீங்கள் சொன்ன அதே உரையில் குழல் செய்யும் பொருள் ஐந்து வருகிறது: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. ஆக மரக்குழல் நமக்குப் புதிதில்லை. ஆனால் முதல் குழலாக வேண்டாம். கருங்காலி தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரம், அதில் குடைந்த குழல் மூங்கிலைவிட எடை அதிகம். அந்த எடையைத் தாங்க இடக்கை ஆள்காட்டி விரலின் அடிக்கணு இறுகும், இறுகினால் மோதிரவிரல் எட்டாது. எட்டாத குறைக்கு எடையும் ஒரு காரணம் என்று பலருக்குத் தெரிவதில்லை.

மூங்கில் தானே உள்ளே வெற்றாக வளர்கிறது. மரத்தை நடுவில் ஓட்டை பிசகாமல் குடைய வேண்டும், பிறகு வெயில் மழைக்கு வெடிக்காமல் காக்க வேண்டும். காசும் கூடும். இசையைவிடப் பொருள் பிடித்தவர்களுக்கு அது இரண்டாவது குழல்.

புதுக்குழல் | 6 ஜூன், இரவு 9.20

பொட்டுக் குழாய் செய்து பார்த்தோம். 2.2 செ.மீ.யில் நின்றால் ஏழும் எட்டுகிறது. உட்கார்ந்தால் வலக்கை மோதிரவிரலும் சுண்டுவிரலும் பொட்டின் ஓரத்தைத்தான் தொடுகின்றன. வலக்கைக் கட்டைவிரலின் அடி மூன்றாம் நிமிடம் வலிக்கிறது. மகளுக்கு 2.2 எட்டவே இல்லை, 1.95-ல் ஆறு விரல் எட்டுகிறது, சுண்டுவிரல் இல்லை.

எட்டாந்துளை | 6 ஜூன், இரவு 10.00

அப்படியானால் உங்களுக்கு 5½. மகளுக்கு 6½. முடிந்தது.

எட்டாந்துளை | 7 ஜூன், காலை 5.50

நேற்று இரவு அவசரப்பட்டுவிட்டேன். மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நின்றால் எட்டுகிறது, உட்கார்ந்தால் எட்டவில்லை என்றால் கை அளவு போதும், கோணம்தான் போதவில்லை. இதற்கு 5½ வாங்கினால் இடைவெளி ஒரு மி.மீ. சொச்சம்தான் குறையும், மணிக்கட்டு மடங்குவது அப்படியே இருக்கும். முதலில் இதைப் பாருங்கள்: விரல் நுனியால் தொடுகிறீர்களா, சதையால் தொடுகிறீர்களா? ஆர்மோனியம், கீபோர்டு வாசித்துப் பழகியவர்கள் விரலை வளைத்து நுனியால் அழுத்துவார்கள். குழலுக்கு விரல் நீட்டிப் படுக்க வேண்டும். முதல் கணுவின் நடுச்சதை துளைமேல் உட்கார வேண்டும், நுனி துளையைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் தப்பில்லை. விரலை வளைத்தால் நீளத்தில் ஒன்றரை இரண்டு செ.மீ. வீணாகிறது. அந்த ஒன்றரை செ.மீ.தான் உங்களுக்கு எட்டாத தூரம்.

வலக்கைக்கு இன்னும் ஒரு படி. ஆள்காட்டியும் நடுவிரலும் நுனிச்சதையில் இல்லாமல் நடுக்கணுச் சதையில் உட்காரட்டும். கை குழலுக்குள் இன்னும் உள்ளே வரும், மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தூரம் குறையும். நீளக்குழல் வாசிப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். வடக்கே ஹிந்துஸ்தானிக் கலைஞர் பன்னாலால் கோஷ் கச்சேரிக்குக் கொண்டுவந்த நீளப் பன்சுரியோ (வடக்கத்திய மூங்கில் குழல்), இங்கே கர்நாடகக் கலைஞர் என். ரமணி வாசித்த நீளக் குழலோ, நுனி விரலால் மூட முடிகிற அளவே கிடையாது.

கட்டைவிரல் வலிக்கு: வலக்கட்டைவிரல் குழலை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. குழல் மூன்று இடத்தில் மட்டும் தங்க வேண்டும். கீழுதடு, இடக்கை ஆள்காட்டியின் அடிக்கணு, வலக்கட்டைவிரல். இதில் முதல் இரண்டும் சரியாக உட்கார்ந்தால் வலக்கட்டைவிரலை எடுத்தாலும் குழல் ஒரு நொடி விழாது. சோதித்துப் பாருங்கள், கீழே மெத்தை இருக்கட்டும்.

இந்த இரண்டையும் ஒரு வாரம் செய்துவிட்டு மறுபடி அளக்கவும்.

மூங்கிற்பட்டறை | 7 ஜூன், காலை 10.30

செய்பவன் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். "துளையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் குடுங்க" என்று கேட்பார்கள். ஏற்றலாம், ஆனால் வாய்ப் பக்கம் ஏற்றிய துளையின் சுருதி கூடும், அதைச் சமன் செய்யத் துளையைச் சிறிதாக்க வேண்டும். சிறிதானால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் அமுங்கி ஒலிக்கும். இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் ஏற்றினால் காதுக்குத் தெரிந்துவிடும்.

நல்ல வழி, ஏழாவது துளையை நேர்கோட்டிலிருந்து பக்கவாட்டில் நகர்த்துவது. சுருதி மாறாது, சுண்டுவிரலுக்கு எட்டும். வலக்கை நம் பக்கமிருந்து குழல்மேல் போகிறது, அதனால் சுண்டுவிரல் துளை நம் பக்கம் சாய வேண்டும். இடக்கை எதிர்ப்பக்கமிருந்து வருகிறது, அதன் மோதிரவிரலுக்குத் தேவைப்பட்டால் துளை எதிர்ப்பக்கம் சாய வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போது இதை மாற்றிச் சொல்லிவிட்டு, வந்த பிறகு சண்டை பிடிப்பவர்கள் உண்டு. அப்படி நகர்த்திய குழலை இடப்பக்கம் பிடித்து வாசிப்பவர் எடுத்தால் அவருக்கு இன்னும் தூரம். நேர்கோட்டுக் குழல்தான் இரண்டு பக்கத்துக்கும் பொது.

சந்தேகி | 7 ஜூன், மாலை 4.40

சுண்டுவிரல் சுண்டுவிரல் என்று இத்தனை பேச்சு. ஆரம்பத்தில் ஏழாவது துளை வேண்டுமா என்ன?

எட்டாந்துளை | 7 ஜூன், மாலை 6.15

நல்ல கேள்வி, முதல் நாளே யாராவது கேட்டிருக்க வேண்டும். ச இரண்டு துளை மூடி, ரி ஒன்று மூடி, க எல்லாம் திறந்து. கீழே இறங்கினால் நி மூன்று, த நான்கு, ப ஐந்து. ம ஆறு துளை; நடு ஸ்தாயி ம-வுக்கு (ஸ்தாயி என்றால் ஏழு ஸ்வர அடுக்கு) முதல் துளையைத் திறந்து மற்றதை மூடுவதும் உண்டு. பாணிக்குப் பாணி மாறும், அதில் ஆசிரியர் சொல்வதே சரி. ஏழையும் மூடினால் மந்தர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) காந்தாரம், அதாவது க. ஆரம்பப் பாடங்களான சரளி வரிசை, ஜண்டை வரிசைக் காலத்தில் அங்கே போக அவசியம் அதிகம் வராது.

ஆக ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஆறு விரல் எட்டினால் குழல் சரி. சுண்டுவிரலுக்காக 6½-க்குப் போக வேண்டாம், 6 போதும். குழந்தையின் கை வளரும், குழல் வளராது. நேற்று 6½ என்றதை இதோடு வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் வகுப்பில் சேர்க்கிறீர்கள் என்றால் முதலில் ஆசிரியரைக் கேளுங்கள். பத்துப் பிள்ளைகள் 5 கட்டையில் சேர்ந்து வாசிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் 6 கட்டையோடு போய் உட்கார முடியாது.

டொராண்டோ காற்று | 8 ஜூன், அதிகாலை 3.10

இங்கே ஐரிஷ் மரக்குழல் வைத்திருக்கிறேன், ஆறு துளை, டி சுருதி, சாவி (துளையை மூடும் உலோக நெம்பு) இல்லாதது. இதிலும் வலக்கை மோதிரவிரல்தான் தகராறு. இதில் கர்நாடக சங்கீதம் பழகலாமா?

எட்டாந்துளை | 8 ஜூன், காலை 7.00

விரல் பழகலாம், பாடம் வேண்டாம். டி குழலில் ஆறும் மூடினால் டி. நம் குழல் மாதிரி இரண்டு விரலில் ச வைத்தால் ச ஏ-வில், அதாவது 6 கட்டையில் விழும். ஆனால் நம் 6 கட்டைக் குழலுக்கு ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் அவ்வளவு நீளம், அவ்வளவு இடைவெளி. ஏழாவது துளையே இல்லை, மந்தர மத்யமத்தோடு (கீழ் ம) சரி. துளை விளிம்பும் அளவும் கமகத்துக்காக வைத்ததில்லை. மோதிரவிரல் தகராறுக்கு மருந்து மேலே சொன்னதுதான், நடுக்கணுவால் மூடுவது. ஐரிஷ்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். அந்தக் குழலின் அடிப்பாகம் தனித்துண்டாகத் திரும்பக்கூடியது என்றால் கீழ் மூன்று துளைகளையும் உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

புதுக்குழல் | 14 ஜூன், இரவு 8.15

விரலை நீட்டிப் படுக்க வைத்தால் உட்கார்ந்தும் ஏழு எட்டுகிறது. கட்டைவிரல் வலி போய்விட்டது. மகளின் ஆசிரியர் 6 கட்டை சரி என்றார். ஆன்லைனில் "ஜி குழல்" என்று தேடினால் நூறு வருகிறது. எதை எடுப்பது?

எட்டாந்துளை | 14 ஜூன், இரவு 9.05

அவசரப்பட்டு எதையும் எடுக்காதீர்கள்! அங்கே "ஜி" என்று வருவதில் பாதி ஹிந்துஸ்தானி பன்சுரி. ஆறு துளை, மூன்று விரலில் ச. "ஜி பேஸ்" என்றால் நம் 5 கட்டைக்கு ஒரு ஸ்தாயி கீழே, நீளம் ஒன்றரை மடங்குக்கு மேல். அதை வாங்கிவிட்டு விரல் எட்டவில்லை என்று அழுபவர்கள் ஒரு கூட்டம். தலைப்பில் "கர்நாடக, எட்டுத் துளை, 5 கட்டை" மூன்றும் இருக்க வேண்டும். படத்தில் துளையை எண்ணுங்கள்: விரல் துளை எட்டு, ஊதுதுளை ஒன்று, மொத்தம் ஒன்பது. முனையில் விசில் மாதிரி வெட்டு இருந்தால் அது நேராக வைத்து ஊதுவது, நமக்கு ஆகாது. திருவிழாக் கடையில் வண்ண நூல் சுற்றித் தொங்குவது கிருஷ்ணர் வேஷத்துக்கு.

முடிந்தால் கடைக்கே போங்கள். போனால் இவற்றைப் பாருங்கள்.

ஈரமில்லாத விரலால் ஏழு துளையையும் பத்து நொடி அழுத்திவிட்டு விரலைத் திருப்பிப் பாருங்கள். சதையில் முழு வட்டம் பதிந்திருந்தால் துளை மூடியது. பிறை மாதிரி அரை வட்டம் என்றால் அந்த விரல் கசிகிறது. எல்லா விரலிலும் பிறைதான் என்றால் துளையே உங்கள் விரலுக்குப் பெரிது, வேறு குழல் எடுங்கள்.

இரண்டு விரலில் ச. மெதுவாக ஊதி ஒன்று, அழுத்தி ஊதி மேல் ஸ்தாயி ச. போனில் ட்யூனர் (சுருதி காட்டும் செயலி) வைத்தால் 5 கட்டைக்கு கீழ் ச 784 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும். மேல் ச அதற்கு நேர் இரட்டிப்பு. ஊதத் தெரியாது என்றால் கடைக்காரரை ஊதச் சொல்லுங்கள். கீழ் ச சரியாக இருந்து மேல் ச மட்டும் இறங்கியிருந்தால் உள்ளே உள்ள அடைப்பு ஊதுதுளையைவிட்டுத் தள்ளிப் போயிருக்கலாம். ஊதுதுளையின் நடுவிலிருந்து அடைப்புக்கு, குழலின் உள்விட்டம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு தூரம் இருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். நீளவாக்கில் முடி போலக் கோடு தெரிந்தால் வெடிப்பு, வேண்டாம்.

மூங்கிற்பட்டறை | 15 ஜூன், காலை 9.40

ஒன்று சேர்க்கிறேன். துளை விளிம்பை விரலால் தடவுங்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட துளையை இழைக்காமல் விட்டால் விளிம்பு கூராக இருக்கும். கூர் விளிம்பில் விரல் வலிக்கும், வலிக்கும் என்று மெதுவாக மூடுவீர்கள், மெதுவாக மூடினால் கசியும், கசிந்தால் எட்டவில்லை என்று நினைப்பீர்கள். 400 நம்பர் உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி, விளிம்பை மட்டும் இரண்டு சுற்று. உள்ளே இறக்கிச் சுற்றினால் துளை பெரிதாகி சுருதி ஏறிவிடும், மறுபடி இறக்குவது பெரிய பாடு.

புதுக்குழல் | 22 ஜூன், இரவு 9.30

எனக்கு 5, மகளுக்கு 6, இரண்டும் நேர்கோட்டுத் துளை. விரலில் முழு வட்டம் பதிகிறது. ஆனால் ஐந்து விரல் வரை ஒலிக்கிறது, ஆறாவது வைத்தவுடன் கீச்சென்று கத்துகிறது. ஆறாவது விரலில் வட்டம் சரியாகத்தான் இருக்கிறது.

எட்டாந்துளை | 23 ஜூன், காலை 6.10

ஆறாவது விரலைச் சந்தேகப்பட வேண்டாம், மூன்றாவதைப் பாருங்கள். வலக்கை மோதிரவிரல் நீளும்போது குழல் ஒரு நூல் அளவு உருள்கிறது, இடக்கை மோதிரவிரல் துளையைவிட்டு நழுவுகிறது. முதல் துளையிலிருந்து ஒவ்வொன்றாக மூடி ஊதி வாருங்கள். ஆறாவதில் கத்தியவுடன் எதையும் எடுக்காமல் இடக்கை மோதிரவிரலை மட்டும் கொஞ்சம் அழுத்துங்கள். ஒலி திரும்பினால் கசிவு அங்கேதான். நூற்றுக்குத் தொண்ணூறு அங்கேதான் என்று எழுத வந்தேன், எண்ணிப் பார்த்தது கிடையாது, அடிக்கடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து விரலுக்கு ஊதிய அதே வேகத்தில் ஆறாவதுக்கும் ஊதினால் குழல் மேல் ஸ்தாயிக்குத் தாவும். கீழே இறங்க இறங்கக் காற்று மெலிய வேண்டும். விரல் சரி, ஊதல் சரி, இரண்டும் ஒன்றாகச் சரியில்லை என்பதும் நடக்கும்.

சந்தேகி | 23 ஜூன், காலை 8.00

ட்யூனரில் காலையில் கொஞ்சம் கம்மியாகவும் மதியம் கூடவும் காட்டுகிறதே, அது குழலின் குறையா?

மூங்கிற்பட்டறை | 23 ஜூன், காலை 11.20

குறையில்லை. காற்றின் சூடு ஒரு டிகிரி ஏறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். 100 சென்ட் சேர்ந்தால் ஒரு அரைக் கட்டை. இரண்டு நிமிடம் ஊதிச் சூடேற்றிவிட்டுப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைக்காதீர்கள், சுருதியோடு போகாது, மூங்கிலே வெடிக்கும். முனையில் கட்டிய நூல் அதற்குத்தான், அழகுக்கு அல்ல. அது தளர்ந்தால் உடனே கட்டிவிடுங்கள்.

புதுக்குழல் | 25 ஜூன், இரவு 7.50

இடக்கை மோதிரவிரல்தான். ஆறு வருகிறது, பத்துக்கு ஏழு முறை. மகளுக்கு எல்லாமே வருகிறது, ஒரு விஷயம் தவிர: வாசிக்கும்போது குழல் மெல்லக் கீழே சாய்கிறது.

எட்டாந்துளை | 25 ஜூன், இரவு 8.30

சாயட்டும். கொஞ்சம் சாய்ந்தால் வலது மணிக்கட்டு நேராகும். தலையும் கூடவே அதே பக்கம் சாய்ந்தால் ஊதுதுளைக்கும் உதட்டுக்கும் கோணம் மாறாது. குழல் மட்டும் சாய்ந்து தலை நேராக நின்றால்தான் ஒலி காற்றாகும். கண்ணாடி முன் நிறுத்திப் பாருங்கள், உதடும் குழலும் இணையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.